நன்றி என்றால் போதும்

பைசந்தூ நகரத்து ஆஸ்பத்திரியில்
சலவைக் கூடத்துக்கு எதிரே
ஜன்னல் இல்லாத அறை என்னுடையது.
அறுபத்திரண்டு குறிப்பேடுகள் வந்து சேர்ந்தன.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
ஆறு மாதம் நீல மூடிப் புட்டி,
ஆறு மாதம் மஞ்சள் மூடிப் புட்டி.
ஒன்றில் லைசின். மற்றதில் சோளமாவு.
எதில் எது என்று
தலைநகரில் ஒரு பூட்டிய இழுப்பறைக்குத்தான் தெரியும்.
டாக்டர் எஸ்குர்ராவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது,
விழுங்குகிறவர்களுக்கும் தெரியாது.
நரம்பின் முடிச்சில் சுருண்டு கிடக்கிற அதற்கு
எங்களைப் பற்றி என்ன தெரியுமோ.

என் வேலை எண்ணுவது.
எத்தனை முறை வந்தது,
எத்தனை நாள் இருந்தது,
பொருக்கு உதிர்ந்தது எந்தத் தேதி.

முப்பத்தேழாம் எண்
கட்டத்துக்குள் அடங்கவில்லை.
'இன்று அறிகுறி உண்டா' என்றது படிவம்.
அவள் எழுதியிருந்தாள்:
கீழுதட்டின் இடது மூலையில் காலையிலேயே குறுகுறுப்பு,
எறும்பு வழி தவறினாற்போல.
மதியம் ஆற்றங்கரைக்குப் போனோம்.
மாத்தே சுற்றி வந்தது.
ஒரே சுரைக்குடுக்கை, ஒரே உறிஞ்சுகுழல், ஏழு வாய்.
என் முறை வருமுன்பே
நன்றி சொல்லிவிட்டேன்.

இந்த ஊரில் நன்றி என்றால்
போதும் என்று பொருள்.
குடுக்கையைத் திருப்பித் தரும்போது
சும்மா இருப்பவருக்கு மறு சுற்று உண்டு.
நன்றி சொன்னவரைத் தாண்டிப் போய்விடும்
அந்தக் கசப்பும் சூடும்.

நான் பென்சிலால் ஓரத்தில்
அவளுடைய நன்றிகளையும் எண்ண ஆரம்பித்தேன்.
ஆய்வுத் திட்டத்தில் இல்லாத கணக்கு அது.
பதினேழு.
உதடு சுத்தமாக இருந்த நாட்களிலும் சில.

நீலத்தில் அவளுக்கு நான்கு முறை வந்தது.
மஞ்சளில் ஒன்று.
'மஞ்சள்தான் மருந்து,
என் சைக்கிளைப் பந்தயம் வைக்கிறேன்'
என்று கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில்.
ஆனால் நீல மாதங்களில்தான்
ஆறு பெருகி அவள் கடைக்குள் வந்தது,
நனைந்த மாவு மூட்டைகளோடு மூன்று இரவு விழித்தாள்,
மகள் கப்பலில் வேலை கிடைத்துப் போனாள்.
படிவத்தில் வெள்ளத்துக்குக் கட்டம் இல்லை.

இழுப்பறை திறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
மஞ்சள், சோளமாவு.

அறுபத்திரண்டு பேரையும் கூட்டிக் கழித்தால்
லைசினுக்கும் மாவுக்கும் நடுவே
நாணயம் சுண்டினால் வருகிற வித்தியாசம்.
'பயன் நிரூபணமாகவில்லை' என்று எழுதினார் டாக்டர்.
பிறகு 'பயனில்லை என்பதும்' என்று சேர்த்தார்.
பேனாவை மூடிவிட்டு
வெகுநேரம் சுவரைப் பார்த்தார்.

கடிதம் போன மறுவாரம்
கக்கத்தில் ஃபிளாஸ்க் இடுக்கியபடி
ஒருத்தி என் வாசலில் நின்றாள்.
"நான் டெல்மிரா. உங்களுக்கு முப்பத்தேழு.
அந்தச் சோளமாவு கடையில் கிடைக்குமா?"
கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.
உதடு வெடித்துவிடுமோ என்று
விரலால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கிடைக்கும், ஆனால்
இனி அது வேலை செய்யாது, தெரிந்துவிட்டதே என்றேன்.
அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.
குடுக்கையில் வெந்நீர் ஊற்றினாள்,
முதல் சுற்றைத் தானே குடித்தாள், வழக்கப்படி.
மறுபடி ஊற்றினாள்.
நீட்டிய கை பாதியில் நின்றது.
"இன்று ஒன்றுமில்லை, பார்" என்று
முகவாயை விளக்குக்கு உயர்த்தினாள்.

கொப்புளம் இல்லாத நாளிலும் தொற்றலாம் என்ற துண்டறிக்கை
என் மேஜையில்தான் கட்டுக்கட்டாக இருக்கிறது.
ஒன்பது வயதிலிருந்து எனக்கும் உண்டு என்பது
எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை.
விருந்துகளில் நானும் நன்றி சொல்லித்தான்
சுவரோரம் நிற்கிறவள்.

எங்கள் இருவருக்கும் நடுவே
தொற்றுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை.

குழல் நாக்கைச் சுட்டது.
அடியில் காற்று உறிஞ்சும் சத்தம் வரும்வரை குடித்தேன்.
எதிரே சலவை யந்திரம் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.
குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தேன்,
வாய் திறக்காமல்.